அடியுப்பு

கட்டடம் விழுந்த கதை என்றால், வயசாகி விழுந்திருக்கும் என்றுதான் நினைப்பீர்கள். மஞ்சக்குடாவில் கிட்டங்கித் தெரு என்று ஒரு தெரு. அதில் வரிசையாக ஏழு கிட்டங்கி இருந்தது. ஏழில் ஒன்றுகூட வயசாகி விழவில்லை. அடிபட்டு விழுந்தது, இல்லையென்றால் ஆளை அடித்துவிட்டு விழுந்தது.

மீமிசலில் இருந்து கடற்கரை ரோட்டில் வடக்கே வரும்போது, உப்பளம் முடிகிற இடத்தில் கிழக்கே ஒரு ரோடு இறங்கும். அதுதான் மஞ்சக்குடா. இன்றைக்கு அங்கே விசைப்படகும் ஐஸ் வண்டியும்தான். தோணி ஓடின காலத்தில் அரிசியும் கருவாடும் கைலியும் இங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போகும். பாக்கும் கருவாப்பட்டையும் வரும். போகிற சரக்கும் வருகிற சரக்கும் தங்குவதற்கு மரைக்காயர்மார் கட்டினது அந்த ஏழும். இப்போது குடோன் என்கிறோமே, அதுதான் கிட்டங்கி. கடலுக்குள் இருந்து வெட்டி எடுத்த கல், சுண்ணாம்பு, ஒரு முழத்துக்கு மேல் கனமான சுவர், ஆனை நுழைகிற மாதிரி கதவு.

முதல் கிட்டங்கி அரிசிக்கு. பஞ்ச வருசத்தில் ஊரே பட்டினி கிடந்தபோது, உள்ளே ஆயிரம் மூட்டை அரிசி தோணிக்குக் காத்திருந்தது. சனம் போய்க் கதவைத் தட்டியது. காவல்காரர்கள் திறக்கவில்லை. சன்னல் கம்பிக்குள் நுழைந்த கைகளை உள்ளே இருந்தே அரிவாளால் வெட்டினார்கள். அன்று சாயங்காலம் கூரையில் தீ விழுந்தது. இரண்டாவது பாக்குக் கிட்டங்கி. பெரியப்பன் மகனும் சித்தப்பன் மகனும் ஒரே சாவிக்கு மல்லுக்கட்டி, ஒருத்தன் மூட்டை இழுக்கிற கொக்கியை மற்றவன் கழுத்தில் மாட்டி இழுத்துவிட்டான். செத்தவனின் உம்மா அந்தக் கட்டடத்தை நிற்க விடவில்லை. ஆள் வைத்து இடித்து, கல்லையெல்லாம் கடலிலேயே கொட்டச் சொன்னாள். மூன்றாவதும் நாலாவதும் ஒரு புயல் நாளில், உள்ளே ஒதுங்கினவர்களையும் சேர்த்து அமுக்கிக்கொண்டு போனது. ஐந்தாவதைச் சினிமாக் கொட்டகை ஆக்கினார்கள். படம் பார்க்க வந்த இரண்டு கூட்டம் நாற்காலிக் காலால் அடித்துக்கொண்டு, கடைசியில் திரையைக் கொளுத்தினார்கள். ஏழாவது என்னமோ பெரிய துறைமுகம் வருகிறது என்று இடிபட்டது. துறைமுகம் வரவில்லை. இடித்தபோது உத்திரம் விழுந்து செத்த கொத்தனாரும் திரும்பி வரவில்லை.

மிச்சம் ஆறாவது, உப்புக் கிட்டங்கி. போன வருசம் வரைக்கும் நின்றது. அது விழுந்த கதையைத்தான் சொல்ல வந்தேன். இதில் அடிதடி நிறைய வரும் கண்ணுகளா. மனசு இளகினவர்கள் நடுவில் எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். நான் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உப்புக் கிட்டங்கி சேக் அலாவுதீன் மரைக்காயருடையது. அத்தா மவுத்தான பிறகு அதை நடத்தினது மகள் பவுசியா. நாற்பத்து மூன்று வயசு. புருசன் படகில் போய்த் திரும்பாதவர். பிள்ளை இல்லை. விடிந்ததும் வந்து கதவைத் திறந்தால் சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்கிற வரைக்கும் அங்கேதான். கருவாடு போடுகிற பெண்கள், ஐஸ் போடுகிறவர்கள், தோல் பதனிடுகிறவர்கள் எல்லாருக்கும் அவளிடம்தான் உப்பு. அள்ளவும் சுமக்கவும் குழந்தைசாமி. அறுபது தாண்டினவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அதே கிட்டங்கியில் சுமந்தவர்கள். அவள் அவரைச் ‘சாமிண்ணே’ என்பாள். அவர் அவளை ‘ஆத்தா’ என்பார்.

அந்தக் கிட்டங்கியில் ஒரு வழக்கம் இருந்தது. எவ்வளவு விற்றாலும், கிழக்குச் சுவர் ஓரமாக ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்த உப்பை மட்டும் தொட மாட்டார்கள். அதற்கு அடியுப்பு என்று பேர். நூறு வருசமாக இறுகிப் பாறையாகிப் போனது. சீசனுக்கு முதல் வண்டி வந்தால் முதல் மூட்டையை அதன் தலையில்தான் கொட்டுவார்கள். ஏன் என்று கேட்டால், அடியுப்பை எடுத்தால் கிட்டங்கியின் பரக்கத் போய்விடும் என்பார்கள். அந்தச் செழிப்பு, அந்த விருத்தி, எல்லாம் அந்த உப்பில் இருக்கிறது என்று ஊரே நம்பியது.

நிஜம் வேறு. கடல் பக்கத்துச் சுவர் எப்போதோ உள்பக்கமாகச் சாய ஆரம்பித்துவிட்டது. உப்பு சுண்ணாம்பைத் தின்னும். சுவரைத் தின்ற உப்புதான் அதைத் தாங்கியும் நின்றது. கஜா புயலுக்குப் பிறகு சுவர் இன்னும் ஒரு சாண் சாய்ந்து, அடியுப்பின் மேல் முழு முதுகையும் கொடுத்துவிட்டது. இது பவுசியாவுக்குத் தெரியும். குழந்தைசாமிக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. தெரிந்தால் உப்பு வாங்க உள்ளே யார் காலை வைப்பார்கள்? அதனால் அவர்களும் பரக்கத் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பவுசியாவின் தம்பி சல்மான் பதினாலு வருசம் சார்ஜாவில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தான். அவன் கூடவே ரகுநாத் என்று ஒருத்தன் வர ஆரம்பித்தான். புதுக்கோட்டைக்காரன், இறால் கம்பெனி வைத்திருந்தான். மஞ்சக்குடாவில் இறாலை உறைய வைக்கிற கட்டடம் கட்டுவதற்கு அவனுக்கு அந்த இடம் வேண்டும். கிட்டங்கியைக் காலியாகக் கொண்டுவந்து கையில் கொடுத்தால் கம்பெனியில் நீயும் ஒரு முதலாளி என்று சல்மானுக்குச் சொல்லி வைத்திருந்தான். சொத்தில் சல்மானுக்கு இரண்டு பங்கு, அக்காவுக்கு ஒரு பங்கு. அந்த ஒரு பங்கும், உள்ளே கிடந்த உப்பும்தான் வழியை மறித்தது. சரக்கு உள்ளே இருக்கிற வரைக்கும் இடம் அவள் அனுபவத்தில் இருக்கிறது என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் இரண்டு பேரும் கிட்டங்கிக்கு வந்தார்கள்.

“லாத்தா, ஒனக்கு மாடி வீடு கட்டித் தாரேன். ஏசி போட்டுத் தாரேன். கையெழுத்தப் போடு.”

“ஏசியில உக்காந்து நான் என்னத்தப் பண்ணுறது. கருவாடா காயப் போடுறது?”

“இந்த இடிஞ்ச செவுத்து மேல ஒனக்கு என்ன அம்புட்டு ஆசை?”

“ஆசையெல்லாம் இல்லடா. காலையில எந்திரிச்சுப் போறதுக்கு எனக்கு ஒரு எடம் வேணும். மச்சான் போனப்ப நாலு மாசம் பத்து நாள் இருட்டு ரூமுக்குள்ள இருந்தேன். அதுக்கப்புறமும் உள்ளயே இருன்னுதான் நீங்க எல்லாரும் சொன்னீங்க. அத்தாதான் சாவிய எங்கையில குடுத்து, போயி கதவத் தொறன்னாக. இத விட்டா மறுபடியும் அந்த ரூமுதான் எனக்கு.”

ரகுநாத் வாசலில் நின்று கடலையை உடைத்துத் தின்றுகொண்டிருந்தான். “என்ன மரைக்காரே, அக்கா தம்பிப் பேச்சு இன்னைக்கு முடியுமா? எனக்கு அறந்தாங்கியில ஒரு வேலை இருக்கு,” என்றான்.

சல்மானுக்கு முகம் கறுத்துவிட்டது. கதவை இழுத்துச் சாத்திப் பூட்டப் போனான். பவுசியா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “கைய எடு,” என்றான். அவள் எடுக்கவில்லை. “எடுன்னு சொல்றேன்ல.” அவள் எடுக்கவில்லை. அந்தக் கதவை இரண்டு ஆள் சேர்ந்து தள்ளினால்தான் நகரும். அவன் தோளைக் கொடுத்து முழு பலத்தோடு தள்ளினான். கதவுக்கும் நிலைக்கும் நடுவே அவளுடைய வலது மணிக்கட்டு. எலும்பு முறிகிற சத்தம் ரோட்டில் நின்றவர்களுக்குக் கேட்டது. அவள் சத்தம் வெளியே வரவில்லை. உதட்டைக் கடித்ததில் தாடையில் ரத்தம் வழிந்தது.

“அடடா, அக்கா உப்புல வழுக்கிட்டாங்க போலயே,” என்றான் ரகுநாத்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது அவளும் அதையேதான் சொன்னாள். தம்பியைப் போலீஸில் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. குழந்தைசாமி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வெளியே வந்ததும், “இப்புடிப் பொய் சொல்லிச் சொல்லித்தான் ஆத்தா அவன் இம்புட்டுத் தூரம் வந்துட்டான்,” என்றார். “நாளைக்குக் கதவத் தொறக்கணும்ணே. எனக்கு ஒத்தக் கைதான் இருக்கு. நீங்க வெள்ளன வந்துருங்க,” என்றாள்.

செவ்வாய்க்கிழமை கதவு திறந்தது. புதன்கிழமையும் திறந்தது. புதன்கிழமை மத்தியானம் குழந்தைசாமி டீக்கடையில் நின்றபோது மூன்று பேர் வந்தார்கள். ரகுநாத்தின் ஆட்கள். உருட்டுக்கட்டையால் முதல் அடி முழங்காலில் விழுந்தது. டீ கிளாஸ் கையில் இருக்கும்போதே விழுந்தார். கிளாஸ் உடைந்து உள்ளங்கை கிழிந்தது. முதுகில் அடித்தார்கள், தலையில் அடித்தார்கள். கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவரையும் தப்புச் சொல்ல முடியாது, அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

“எத்தன வருசமாய்யா உப்பு சொமக்குற?” என்று ஒருத்தன் கேட்டான்.

“ஒங்கப்பன் பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து,” என்றார் கீழே கிடந்தபடியே.

அவர் தோளில் கிடந்த துண்டின் முடிச்சில் வீட்டுக்கு எடுத்துப் போகிற உப்பு இருந்தது. அவன் அதை அவிழ்த்து, பிளந்து கிடந்த தலையில் வைத்துத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க மற்ற இரண்டு பேரும் அவர் காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அந்த அலறல் கிட்டங்கிக்குள் உட்கார்ந்திருந்த பவுசியாவுக்குக் கேட்டது. கிட்டங்கித் தெருவில் எல்லாருக்கும் கேட்டது. யாரும் கதவைத் திறக்கவில்லை.

அழகம்மாள், குழந்தைசாமியின் சம்சாரம், ஆட்டோ பிடித்துப் புருசனைத் தூக்கிப் போனாள். போகிறபோது பவுசியாவைப் பார்த்து, “கையெழுத்தப் போட்டுத் தொலைம்மா. ஒந்தம்பி ஒன்னையக் கொல்ல மாட்டான். எம்புருசனக் கொன்னுருவான்,” என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆ நேரம். பாங்கு சொல்லி, தெருவில் இருந்த ஆம்பிளைகள் எல்லாம் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். தெரு துடைத்து வைத்த மாதிரிக் கிடந்தது. அந்த நேரமாகப் பார்த்து ஒரு டிராக்டர் வந்து கிட்டங்கி வாசலில் நின்றது. சல்மான் அன்றைக்குத் தொழுகைக்குப் போகவில்லை. ரகுநாத்தும் அந்த மூன்று பேரும் அவனோடு இறங்கினார்கள்.

மேலாக்கக் கிடந்த உப்பை அரை மணி நேரத்தில் அள்ளி டிராக்டரில் கொட்டிவிட்டார்கள். பவுசியா தடுக்கவில்லை. அது போனால் அடுத்த வண்டி வரும். அடியுப்புக்குக் கடப்பாரையோடு போனபோதுதான் எழுந்து வந்து அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கை மார்பில், மற்றக் கை உப்பில்.

“எறங்கு லாத்தா.”

“இத எடுக்காத சல்மான். செவரு விழுந்துரும்.”

“பரக்கத் போயிரும், அதானே?”

“பரக்கத்தெல்லாம் ஒண்ணும் இல்ல. செவரு இது மேலதான் சாஞ்சு நிக்குது. இதுதான் முட்டு. நல்லாப் பாருடா.”

சல்மான் சிரித்தான். “இம்புட்டு நாளா பரக்கத்துன்ன. உப்புல பரக்கத் இருக்குன்னு நம்புறதே ஷிர்க், அல்லாவுக்கு இணை வைக்கிறதுன்னு நான் படிச்சுட்டு வந்து சொன்னப்ப என்னையவே முறைச்ச. இப்ப செவருங்கிற. நாளைக்கு என்ன சொல்லுவ, உப்புக்குள்ள அத்தா இருக்காகன்னு சொல்லுவியா?”

“உள்ள வாரவுக பயப்படக் கூடாதுன்னு அப்படிச் சொன்னோம்.”

“அப்ப அது பொய்யி. இது மட்டும் நெசம்.”

அவனைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஒரு ஊரே ஒரு பொய்யைச் சொல்லி வளர்த்த பிள்ளைக்கு, அதே வாய் நிஜத்தைச் சொல்லும்போது எப்படி அடையாளம் தெரியும், சொல்லுங்கள்.

மூன்று பேரில் சின்னவன் பேர் சந்தோஷ்குமார். இலுப்பூர்ப் பையன், இருபத்தாறு வயசு. அவன்தான் மேலே ஏறி பவுசியாவின் முக்காட்டைப் பிடித்து இழுத்தான். முக்காடு கையோடு வந்தது. பிறகு முடியைச் சுற்றிப் பிடித்து இழுத்தான். உப்புப் பாறையின் முனைகளில் அவள் முதுகு கிழிய, தரையில் வந்து விழுந்தாள். முறிந்த கை அடியில் சிக்கியது. அப்போதுதான் முதல் தடவையாகக் கத்தினாள்.

அந்தச் சத்தத்துக்குக் குழந்தைசாமி வந்தார். தலையில் கட்டு, ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறார், கையில் மண்வெட்டி. பொண்டாட்டிக்குத் தெரியாமல் வந்திருக்கிறார். வாசலில் நின்றவன் திரும்புவதற்குள் மண்வெட்டியின் தட்டைப் பக்கத்தால் காதோடு சேர்த்து ஒரு அடி. அவன் சுருண்டு விழுந்தான். இரண்டாவது ஆளின் விலாவில் காம்பால் குத்தினார். குத்தின வேகத்தில் அவரே தடுமாறினார். ரகுநாத் அதுவரைக்கும் வெளியே பூவரசு நிழலில் போன் பேசிக்கொண்டிருந்தான். பேச்சை முடிக்காமலே டிராக்டர் சீட்டுக்கு அடியில் இருந்து அரிவாளை எடுத்து வந்தான். இடது தோளில் ஒரே வெட்டு. கறி வெட்டுகிற சத்தம்தான் கேட்டது. குழந்தைசாமி வாசற்படியில் உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். வாசல் முழுக்கச் சிந்திக் கிடந்த உப்பு அந்த ரத்தத்தைக் குடித்தது. எவ்வளவு வந்ததோ அவ்வளவையும் குடித்தது.

பவுசியா தவழ்ந்து போய்த் தம்பியின் காலைப் பிடித்தாள். “சாமிண்ணன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போடா. நான் கையெழுத்துப் போடுறேன். எங்க வேணும்னாலும் போடுறேன். அடியுப்ப மட்டும் தொடாத. செவரு வந்துரும்டா.”

சுவர் வரும் என்று அவள் சொன்னது அது இரண்டாவது தடவை.

சல்மான் ரகுநாத்தைப் பார்த்தான். ரகுநாத் அரிவாளை, மண்வெட்டி அடி வாங்கிக் கிடந்த தன் ஆளின் சட்டையில் துடைத்தபடி, “கையெழுத்து எங்கயும் ஓடிப் போகாது. மொதல்ல காலி பண்ணு. தொழுகை முடிஞ்சு ஆளுக வந்துருவாங்க,” என்று சொல்லிவிட்டு மறுபடியும் வெளியே போனான்.

சல்மான் காலை உதறினான். செருப்புக் கால் அவள் வாயில் பட்டது. வேண்டுமென்று உதைத்தானோ, உதறினதில் பட்டதோ, அது அவனுக்கே தெரியாது. முன்பல் ஒன்று உப்பில் விழுந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே தரையில் கிடந்தாள்.

சந்தோஷ்குமார் அவள் குடத்தில் தண்ணீர் மோந்து குடித்துவிட்டு வந்தான். அவனும் சல்மானும் கடப்பாரையை எடுத்தார்கள். அடியுப்பு லேசில் வரவில்லை. குத்தினால் பொறி பறந்தது. சுவரோடு ஒட்டின இடத்தில் நெம்பினால் பாளம் பாளமாகப் பெயரும் என்று சந்தோஷ்குமார் கண்டுபிடித்தான். இரண்டு பேரும் குனிந்து நின்று, தலையைத் தூக்காமல் நெம்பினார்கள். ஒரு பாளம் வந்தது. கட்டில் அளவு இருக்கும். இரண்டாவது வந்தது.

பவுசியா கிடந்த இடத்தில் இருந்து சுவரின் உச்சி தெரிந்தது. ஓட்டுக்குக் கீழே, உத்திரம் உட்காருகிற இடத்தில் இருந்து வெள்ளையாகச் சுண்ணாம்பு கொட்டியது. மாவு சலிக்கிற மாதிரி, சத்தமே இல்லாமல். பிறகு ஒரு கல் முன்னால் வந்து நின்றது.

அந்த நேரத்தில்தான் சல்மான் கடப்பாரையை ஓங்கின கையோடு அக்காவைத் திரும்பிப் பார்த்தான். ஏன் பார்த்தானோ. அவள் வாயெல்லாம் ரத்தம். கண் திறந்திருந்தது.

அவள் வாயைத் திறக்கவில்லை.

அவன் திரும்பிக்கொண்டு கடப்பாரையை இறக்கினான். சுவர் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி நடுவில் மடிந்து உள்ளே வந்தது. பின்னாலேயே ஓடும் உத்திரமும் வந்தது. தொழுது முடித்து வெளியே வந்தவர்கள் கிட்டங்கித் தெருவில் பார்த்தது வெள்ளைப் புகையைத்தான்.

ஊர் ஓடி வந்து கையாலேயே தோண்டியது. விரல் நகமெல்லாம் பெயர்ந்து, வெட்டுக்காயத்தில் உப்பு ஏறி, அப்படியும் யாரும் நிறுத்தவில்லை. சந்தோஷ்குமாரைத்தான் முதலில் எடுத்தார்கள். வாய் நிறைய உப்பு. உயிர் இல்லை. சல்மான் இடுப்புக்குக் கீழே உத்திரத்துக்கு அடியில் கிடந்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு காலையும் தொடையோடு எடுத்துவிட்டார்கள். வாசல் பக்கமாகக் கிடந்த பவுசியாவும் அடிபட்ட மற்ற இரண்டு பேரும் தப்பித்தார்கள். குழந்தைசாமியும் பிழைத்துக்கொண்டார், இடது கை மட்டும் மேலே தூக்க வராது. ரகுநாத் அன்றைக்கே ஓடி, மூன்றாம் நாள் பிடிபட்டு, இப்போது ஜாமீனில் இருக்கிறான். வழக்கு நடக்கிறது. கிட்டங்கி இருந்த இடம் ஒரு வெள்ளை மேடு. ஐப்பசி மழையில் அந்த உப்பு கரைந்து தெருவில் ஓடி, பூவரசு பட்டுப் போனது.

போலீஸ்காரர் ஆஸ்பத்திரியில் வந்து கேட்டபோது குழந்தைசாமி, “ஆத்தா மூணு தடவ கத்துச்சுங்க. செவரு விழப்போவுது, வெளிய வாங்கன்னு கடைசி வரைக்கும் கத்துச்சு. என் காதால கேட்டேன்,” என்றார். அதையே எழுதிக்கொண்டார்கள்.

சல்மானை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவன் பொண்டாட்டி பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போனவள், வரவில்லை. பவுசியாதான் பார்த்தாள். ஊட்டுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம். அந்த வீட்டை விட்டு அவளும் வெளியே போகவில்லை. ஆறு மாசம் இரண்டு பேரும் அந்த நாளைப் பற்றி ஒரு பேச்சுப் பேசவில்லை. ஒரு நாள் காலையில் அவள் முதுகு துடைத்துவிடும்போது அவன்தான் ஆரம்பித்தான்.

“லாத்தா. நீ மூணு தடவ கத்துனன்னு சாமிண்ணே எழுதிக் குடுத்துருக்காராமே.”

“ஆமா.”

“ரெண்டு தடவதான்.”

துணி நின்றது.

“அத விடு,” என்றான் சல்மான். “மூணாவது தடவ சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். அதத்தான் சொல்ல வந்தேன். நீ ராவெல்லாம் முழிச்சிருக்க.”

“கேட்டிருப்ப.”

“மாட்டேன் லாத்தா.”

“ஓங்குன கையோட என்னையப் பாத்த. சின்னப் புள்ளையில கெணத்து மேட்டுல ஏறிக்கிட்டு, எறங்கவா வேண்டாமான்னு என்னைய அப்படித்தான் பாப்ப. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கீழ போட்டுட்டு வந்துருப்ப. எனக்குத் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சுதான் சும்மா கெடந்தேன்.”

அவன் முகத்தைத் தலையணையில் அமுக்கிக்கொண்டான். அமுக்கினபடியே, “நான் ஒன்னைய அடிச்சேன்ல,” என்றான்.

“அடிச்ச. அது ஒனக்கும் எனக்கும் உள்ளது. நீ சாவணும்னுதான் அந்த நேரம் நெனச்சேன். ஆனா அந்த இலுப்பூர்ப் பையன் பக்கத்துல நிக்கிறது என் கண்ணுல படவே இல்ல சல்மான். ஒரு ஆளு நிக்கிறான்னே தோணல. அவன் பொண்டாட்டி என்னத்த நெனச்சுக்கிட்டு இருக்கோ. அக்கா அம்புட்டுக் கத்துச்சு, இவருதான் கேக்கலன்னு நெனச்சுக்கிட்டு இருக்கும்.”

மறுநாள் அழகம்மாளை வந்து தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அழகம்மாள் வந்தாள். “எங்க கெளம்பிட்ட?” என்று சல்மான் கேட்டான். சொன்னாள். “கொன்னுருவாக லாத்தா,” என்றான். அவள் புர்காவைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அறந்தாங்கியில் ஒரு பஸ் மாறி, புதுக்கோட்டையில் ஒரு பஸ் மாறி இலுப்பூரில் இறங்கும்போது உச்சி வெயில். விசாரித்துப் போனாள். சந்தோஷ்குமாரின் சம்சாரம் பிரகதீஸ்வரி ஒரு கடலை மண்டியில் கடலை புடைக்கிற வேலையில் இருந்தாள். இருபத்து மூன்று வயசு இருக்கும். நெற்றியில் ஒன்றும் இல்லை. ஐந்தாறு பெண்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

பவுசியா அவள் முன்னால் போய்க் கீழே உட்கார்ந்தாள். தான் யார் என்று சொன்னாள். பிறகு, “நான் மூணு தடவ கத்துனேன்னு எழுதியிருக்காங்க. அது பொய்யிம்மா. சுண்ணாம்பு கொட்டுனத நான் பாத்தேன். சொல்லியிருந்தா ஒம் புருசன் வெளிய வந்துருப்பான். சொல்லல,” என்றாள்.

பிரகதீஸ்வரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையில் இருந்த முறத்தாலேயே முகத்தில் அடித்தாள். மூங்கில் விளிம்பு பட்டுப் புருவம் பிளந்தது. முறம் பிய்ந்த பிறகு கையால் அடித்தாள், முக்காட்டோடு சேர்த்து முடியைப் பிடித்து இழுத்துத் தரையில் முட்டினாள். கடலை நாலு பக்கமும் சிதறியது. மற்றப் பெண்கள் ஓடிவந்து அவளைப் பிடித்தார்கள். “விடுங்க, அடிக்கட்டும்,” என்றாள் பவுசியா. இரண்டு பெண்கள் விட்டுவிட்டார்கள். அவள் இன்னும் கொஞ்சம் அடித்தாள். பிறகு கை ஓய்ந்து, கடலைத் தொலிக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. மண்டிக்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிரகதீஸ்வரி சிதறின கடலையைக் கையால் கூட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“அன்னைக்கு அது ஏதாச்சும் சாப்புட்டுச்சா?”

பவுசியா புர்காவின் ஓரத்தால் கண்ணில் இறங்கின ரத்தத்தைத் துடைத்தாள். நினைத்துப் பார்த்தாள்.

“சாப்புடலம்மா. வந்ததுல இருந்து வேலைதான் பாத்துச்சு. என்னைய இழுத்துப் போட்டதுக்கப்புறம் எங்கொடத்துல தண்ணி மோந்து குடிச்சுச்சு. ரெண்டு செம்பு.”

“ரெண்டு செம்பா?”

“ஆமா. ரெண்டாவது செம்ப மெதுவாக் குடிச்சுச்சு.”